பம்பரில் பூத்த விபூதி: ரப்பரா, கடலை வெண்ணெயா, ஆல்கஹாலா?

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காருக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தேன். பாதியில் ஊரிலிருந்து அம்மா போன். பேசி முடித்துத் திரும்புவதற்குள் பின்பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் ஏறியிருந்த மெழுகு காய்ந்து வெளுத்துவிட்டது. மேல்வீட்டு வேலூர்க்காரர் குனிந்து பார்த்து, "என்ன தம்பி, பம்பருக்கு விபூதி பூசியிருக்கீங்க?" என்றார்.

பெயின்டில் காய்ந்த மெழுகு துணிக்கு வந்துவிடும், அது வழவழப்பான பரப்பு. இந்தக் கறுப்பு பிளாஸ்டிக் அப்படியல்ல. விரலால் தடவினாலே சொரசொரப்பு தெரியும். மெழுகு அந்தக் குழிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. துணி மேட்டை மட்டும் துடைத்துவிட்டுப் போகிறது.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று அந்தக் கறுப்புப் பட்டையை மாஸ்கிங் டேப் ஒட்டி நான்கு கட்டமாகப் பிரித்தேன். ஒரு நிபந்தனை, தண்ணீர் ஒரு மக்கைத் தாண்டக் கூடாது. 2024 மார்ச்சில், குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்ததிலிருந்து எங்கள் கீழ்த்தளத்தில் யாரும் பைப்பை நீட்டுவதில்லை.

முதல் கட்டம், 5 ரூபாய் பென்சில் ரப்பர். மகளின் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து எடுத்தது. ஒரே திசையில் அழுத்தித் தேய்த்தால் ரப்பர் துகளோடு மெழுகும் சுருண்டு வருகிறது. வாசனை இல்லை, ஈரம் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு எனக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. ஆழமான குழிகளில் மட்டும் புள்ளி புள்ளியாக வெள்ளை மிஞ்சியது.

இரண்டாவது, வேர்க்கடலை வெண்ணெய். கேட்டதும் சிரித்தேன், ஆனால் தடவிய நொடியே வெள்ளை மறைந்துவிட்டது! அதன் எண்ணெய் மெழுகை இளக்குகிறது, அரைபட்ட கடலை மெல்லச் சுரண்டுகிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்தபின் நாலு கட்டத்திலும் இதுதான் அழகாக இருந்தது. மறுநாள் காலை அதே இடத்தில் எறும்புச் சாரை.

மூன்றாவது டபிள்யூடி-40, துருப்பிடித்த திருகுக்கு அடிக்கும் ஸ்பிரே. வீட்டில் ஏற்கெனவே இருந்தது, அடித்தவுடன் பளபளத்தது. அதிலும் எண்ணெய்தான் வேலை செய்கிறது, கூடவே மெழுகைக் கரைக்கும் பெட்ரோலிய கரைப்பான்.

நான்காவது, மெடிக்கலில் வாங்கிய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். சரிபாதி தண்ணீர் கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து, பிரஷ் கிளப்பிய அழுக்கு மறுபடி காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றினேன். முதல் சுற்றில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் சுற்றில் துணியில் பால் போல வெள்ளை இறங்கியது. மூன்றாம் சுற்றுக்குப் பிறகு பிளாஸ்டிக் கொஞ்சம் மங்கலாக, வறண்டுபோய் நின்றது.

அன்றைக்கே மார்க் போட்டிருந்தால் கடலைக்குத்தான் முதலிடம். மூன்று நாள் கழித்து, ஒரு முறை சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கடலைக் கட்டத்திலும் டபிள்யூடி-40 கட்டத்திலும் விபூதி லேசாகத் திரும்பியிருந்தது. எண்ணெய் நனைத்து வைத்தவரை வெள்ளை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ரப்பர் கட்டம் விட்ட இடத்திலேயே இருந்தது. ஆல்கஹால் கட்டத்தில் வெள்ளை இல்லவே இல்லை. மாலையில் விருந்துக்குப் போக வேண்டும், பம்பர் கறுப்பாகத் தெரிந்தால் போதும் என்றால் கடலை சரி. மற்றபடி எனக்கு ஆல்கஹால்தான்; விரல்நகம் அளவுக் கறை என்றால் ரப்பர் போதும்.

கண்ணாடியின் அடிப்பகுதியில் பிரஷ் நுழையாத இடுக்குக்கு ஹேர் டிரையர் காட்டினேன். மெழுகு இளகித் துணிக்கு வந்தது. கார் மெழுகுகளில் சேர்க்கும் கடினமான கார்னாபா மெழுகே 80 சொச்சம் டிகிரியில் உருகிவிடும், மலிவான கலவைகள் அதற்கும் முன்பே. ஆனால் பாலிஷ் கலந்த மெழுகு என்றால், அதிலுள்ள தேய்ப்புப் பொடி சூட்டுக்கு அசையாது, அதற்குப் பிரஷ்தான். ஒர்க்‌ஷாப் ஹீட் கன் வேண்டாம். சில நூறு டிகிரி போகும், சொரசொரப்பே உருகி வழவழத்துவிடும். தின்னர் பேச்சே எடுக்காதீர்கள். சில பிளாஸ்டிக்குகளை அது கரைத்தே விடும், காற்றோட்டமில்லாத கீழ்த்தளத்தில் அதன் ஆவி வேறு ஆபத்து.

ஆல்கஹால் விட்டுப்போன மங்கலுக்கு ஜே.சி. ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் டிரெஸ்ஸிங் (வெளுத்த பிளாஸ்டிக்குக்குக் கறுப்பு மெருகு தரும் பூச்சு) வாங்கி, நான்கு கட்டத்துக்கும் சேர்த்துப் பூசினேன். பூசுமுன் கடலைக் கட்டத்தையும் டபிள்யூடி-40 கட்டத்தையும் ஆல்கஹாலால் மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று, இரட்டை வேலை. டேப் சுருளில் பாதி மிச்சம் இருக்கிறது. அடுத்த முறை மெழுகு டப்பாவைத் திறக்குமுன் பம்பர் ஓரத்தில் அதை ஒட்டிவிடுவேன். போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம்தான், அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?