மீடியா பிளேயர் டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ்ஸா, எக்ஸ்ஃபேட்டா?

கல்லடியில் மாமி வீட்டில் பழைய மீடியா பிளேயர் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தேன். கலியாண வீடியோ 6 ஜிபி. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையோ (ஃபார்மட்) ஃபேட்32, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. கொப்பியே ஆகவில்லை. "என்ன மகன், பொம்பிளை இன்னும் வரல்லையா?" என்று மாமி கேட்டபடி இருந்தார். சரி, ஃபேட்32ஐ விடுவோம். மிச்சம் இரண்டு முறைகள்: என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட்.

பெரிய ஃபைல்: இரண்டும் தாங்கும்.

கரண்ட் போனால்: விசயமே இங்கேதான். என்டிஎஃப்எஸ், கோப்பமைப்பில் (எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கில்) செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துவைத்துவிட்டுத்தான் செய்யும். இடையில் அறுந்தாலும் குறிப்பைப் பார்த்துச் சீராக்கிக்கொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பு இல்லை. மாரி மழையில், கொப்பி பண்ணும் நேரம் கரண்ட் போனால் ஃபோல்டரே குழம்பலாம். படம் பார்க்க மட்டும் என்றால் அவ்வளவு பயமில்லை.

பழைய பிளேயர்: பலவற்றுக்கு என்டிஎஃப்எஸ் தெரியும், எக்ஸ்ஃபேட் தெரியாது. பல பிளேயர்களுக்குள் ஓடுவது லினக்ஸ்; அதன் கர்னலுக்குள்ளேயே (மையப் பகுதிக்குள்) எக்ஸ்ஃபேட் வந்தது 2019இல்தான். சில ஆண்ட்ராய்ட் பெட்டிகளில் கதை தலைகீழ். பெட்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

மேக்: என்டிஎஃப்எஸ்ஸை வாசிக்கும், தனி மென்பொருள் இல்லாமல் எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் இரண்டும் நடக்கும்.

செலவு: இரண்டுக்கும் இல்லை. ஃபார்மட் செய்தால் உள்ளது எல்லாம் அழியும், அதுதான் செலவு.

விண்டோஸ் மட்டும், டிஸ்க்கும் பிளேயரோடேயே கிடக்கும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக், புது டிவி, கூட்டாளி வீடு என்று தூக்கித் திரிபவருக்கு எக்ஸ்ஃபேட். மாமிக்கு என்டிஎஃப்எஸ் போட்டேன். மறுகா பொம்பிளை மணவறைக்கு வந்துவிட்டா.