சின்ன கம்ப்யூட்டர் போர்டுக்கு கேஸ் (மூடி வைக்கிற பெட்டி) வாங்குறவங்க ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

இப்பதான் கடைக்காரன்கிட்டேருந்து கடைசி பதில் வந்துச்சு, காசு திரும்ப வராதாம். கை நடுங்குற கோவத்துலதான் டைப் பண்றேன்.

என்கிட்ட ராஸ்பெர்ரி பை 4 ரெண்டு இருக்கு, ஒரே போர்டுல அடங்குற குட்டி கம்ப்யூட்டர், 4ங்கிறது மாடல். தூசி படியுதேன்னு விலை கம்மியா கேஸ் தேடினேன். ஒரு ஆன்லைன் கடைல "3, 4, 5 எல்லாத்துக்கும் பொருந்தும்"னு போட்டிருந்தான். சந்தேகமாவே இருந்துச்சு, சாட்ல கேட்டேன், என்னோடது 4, போர்ட் (வயர் சொருகுற இடம்) எல்லாம் சரியா வருமான்னு. ரெண்டே நிமிஷத்துல "கண்டிப்பா வரும் சார், நாங்களே போட்டுப் பார்த்துட்டோம்"னு பதில். போட்டுப் பார்த்துட்டோம்னு சொல்றவனை எப்படி நம்பாம இருக்கிறது? ரெண்டு கேஸ் வாங்கிட்டேன், ஒரு போர்டு விலையில பாதி போச்சு.

வந்ததும் அடித்தட்டுல போர்டை வெச்சேன், நாலு ஸ்க்ரூ ஓட்டையும் அச்சா உட்கார்ந்துச்சு. மூடியை வெச்சா இறங்கவே இல்ல. பார்த்தா நெட்வொர்க் இருக்கிற பக்கம் யுஎஸ்பிக்கு வெட்டியிருக்கான், யுஎஸ்பி இருக்கிற பக்கம் நெட்வொர்க்குக்கு. சைடுல டிவி, மானிட்டர் மாட்டுற பெரிய எச்டிஎம்ஐ ஓட்டை ஒண்ணு, 4ல இருக்கிறதோ மைக்ரோ எச்டிஎம்ஐ ரெண்டு. அச்சு அசல் பை 3 கேஸ்! 2019ல 4 வந்தப்ப நெட்வொர்க்கும் யுஎஸ்பியும் இடம் மாறுச்சு, 2023ல 5 வந்தப்ப திரும்பப் பழைய இடத்துக்கே போயிடுச்சு, ஆனா போர்டு அளவு மூணுக்குமே 85க்கு 56 மில்லிமீட்டர், ஸ்க்ரூ இடமும் ஒண்ணுதான், அதை வெச்சுதான் எல்லாத்துக்கும் பொருந்தும்னு எழுதி விக்கிறான்.

கேட்டா போட்டோ அனுப்புங்கன்னான், அனுப்பினேன். மறுநாள் வேற ஆளு, மறுபடியும் போட்டோ. மூணாவது ஆளு "ஃபைல் (அரம்) வெச்சு தேச்சு விடுங்க சார்"ங்கிறான். அப்புறம் பதிலுக்கு மினி ஐடிஎக்ஸ் கேஸ் தரேன், மிச்சத்தைக் கட்டுங்கன்னு ஒருத்தன், அது 170க்கு 170 மில்லிமீட்டர் பெரிய கம்ப்யூட்டர் போர்டுக்கு உள்ளதுப்பா, இதை வெச்சு நான் என்ன பண்ண? கடைசியா, ஸ்க்ரூ போட்டுட்டீங்க, பயன்படுத்தின பொருள், எடுக்க மாட்டோம். பாதி போர்டு காசு, ரெண்டு பிளாஸ்டிக் டப்பாவுக்கு!

வாங்குறதுன்னா, உங்க மாடல் போர்டை உள்ள வெச்சு போர்ட் பக்கம் எடுத்த போட்டோ கேளுங்க, வாய்வார்த்தை வேண்டாம். 3, 4, 5னு சேர்த்துப் போட்டிருந்தா வாங்காதீங்க. காத்து போற ஓட்டை இருக்கான்னு பாருங்க, 80 டிகிரியைத் தொட்டா 4 தானா வேகத்தைக் குறைச்சுக்கும். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்க, மூடி பொருந்துதான்னு பார்க்காம ஒரு ஸ்க்ரூ கூட முடுக்காதீங்க.