ஹிரோஷிகேயா, ஹசுயியா? இலையுதிர்கால அச்சுப்படம் வாங்கும் முன்

ஜப்பானிய மரக்கட்டை அச்சில் இலையுதிர்காலம் என்றாலே மேப்பிள் இலையின் சிவப்பு. பல படங்களில் முதலில் கெடுவதும் அந்தச் சிவப்புதான். ஓவியர் பெயருக்கு மயங்காமல் அதன் நிலையைப் பார்த்து விலை பேசுங்கள்.

19ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹிரோஷிகேயின் 'எடோவின் நூறு காட்சிகள்' (எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்) தொடரில் 1857இல் வந்த, 'மாமா' என்னும் ஊரின் மேப்பிள் மரங்களைக் காட்டும் படம் பலரின் கனவு. இலைகளில் உள்ள ஈயச் செந்நிறம் காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கருத்துவிடும். இது கறை அல்ல, வேதிமாற்றம். துடைத்தால் போகாது, தாள்தான் கிழியும். கருத்த இலை இருக்கிறது என்பதற்காகப் படத்தை ஒதுக்க வேண்டாம். அச்சு முந்தியதா பிந்தியதா என்பதே பெரிய கேள்வி. முந்தைய அச்சில் வானத்திலும் நீரிலும் 'போகாஷி' என்னும் நிறத்தேய்வு மென்மையாக இறங்கும். பிந்தையவற்றில் அச்சிடுபவர் அந்த வேலையைக் குறைத்திருப்பார். கட்டை தேய்ந்து கோடுகளும் முறிந்திருக்கும். அருங்காட்சியகப் பிரதியின் படத்தோடு கோட்டுக்குக் கோடு ஒப்பிடுங்கள். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

20ஆம் நூற்றாண்டு ஓவியர் கவாசே ஹசுயி 1918இல் ஷியோபாரா என்னும் ஊரின் காட்சிகளோடு அச்சுப்படம் தொடங்கியவர். 1923இல் டோக்கியோவைத் தாக்கிய காந்தோ நிலநடுக்கத்தின் தீயில் அவருடைய பதிப்பாளர் வாத்தானபேயின் கட்டைகளும் இருப்பும் எரிந்துபோனதால், அதற்கு முந்தைய படங்கள் அரிது, விலையும் அதிகம். முதல் படம் வாங்குபவருக்கு என் பரிந்துரை, 6 மி.மீ. வட்ட வாத்தானபே முத்திரை உள்ள பிரதி. அது பெரும்பாலும் 1946-57 கால அச்சு, அதாவது ஓவியர் வாழ்ந்தபோது வந்தது. அவர் 1957இல் மறைந்த பிறகும் அதே கட்டைகளில் அச்சிட்டார்கள். அழகில் குறைவில்லை, ஆனால் வாழ்நாள் அச்சின் விலையை அதற்குத் தரக் கூடாது.

ஹசுயி காலத்து இன்னொரு ஓவியரான யோஷிதா ஹிரோஷியின் படமென்றால் இடது ஓரத்தில் 'ஜிசுரி' (தானே அச்சிட்டது) முத்திரையைத் தேடுங்கள். அவர் மேற்பார்வையில் அச்சானதற்கு அதுவே அடையாளம்.

வெளிச்சமான கூடத்தில் மாட்டத்தான் என்றால், டோக்கியோவின் அதாச்சி நிறுவனம் பழைய படங்களைப் புதிதாகச் செதுக்கிக் கையால் அச்சிடும் பிரதியே மேல்.

எதை வாங்கினாலும் பின்பக்கத்தைப் பாருங்கள்: நிறம் தாளில் ஊறி, பாரென் (தாளின் பின்புறம் தேய்க்கும் வட்டத் தட்டு) தேய்த்த தடம் தெரிய வேண்டும். உருப்பெருக்கியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு. அமிலமில்லா அட்டையில், கோதுமை மாவுப் பசை தடவிய ஜப்பானியத் தாள் கீற்றால் மேல்விளிம்பை மட்டும் பிடியுங்கள். ஒட்டுநாடா பழுப்புக் கறையை விடும். ஒளி 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அலகு) மேல் வேண்டாம். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் சாதாரண வெளிச்சத்திலேயே நிறம் வெளுக்கும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை படத்தை இறக்கிப் பெட்டியில் வையுங்கள்.