தேக்கு: நின்றபடி விற்பதா, வெட்டி அளந்து விற்பதா, அறுத்து விற்பதா?

வரப்போரத் தேக்குக்கு 20, 25 வருஷம் ஆனதும் வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். கல்யாணச் செலவு, காலேஜ் ஃபீஸ், புது போர்வெல், ஏதோ ஒன்று. உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி, "கன அடி என்ன ரேட் போகுது?" என் கருத்தில் அது இரண்டாவது கேள்வி. எதை, எங்கே, எப்படி அளக்கப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ரேட்டில் 100 ரூபாய் ஏற்றிக் கொடுத்துவிட்டு அளக்கும் நாடாவில் 400 ரூபாயை எடுத்துக்கொள்ள முடியும்.

முதல் வழி, நின்றபடி மொத்தமாகக் கொடுத்துவிடுவது. வியாபாரி தோப்பைச் சுற்றி வருவார், நாலு மரத்தைத் தட்டிப் பார்ப்பார், அண்ணாந்து நேர்கட்டை (கிளை பிரியும் வரை நேராகப் போகும் அடிமரம்) எவ்வளவு என்று பார்ப்பார், ஒரு தொகை சொல்வார். வெட்டுக்கூலி, கிரேன், லாரி, அனுமதிக்கு அலைவது எல்லாம் பெரும்பாலும் அவர் பாடு. உள்ளே பொந்து இருந்தால் நஷ்டமும் அவருக்கே. அந்த ரிஸ்க்குக்கு அவர் விலையைக் குறைப்பதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எத்தனையோ தோப்பு பார்த்தவர், நமக்குத் தெரிந்தது நம் தோப்பு மட்டும். அவர் கண்மதிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதை நம்மிடம் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

அதனால் மொத்தமாகக் கொடுத்தாலும் முதலில் நீங்களே ஒரு முறை அளந்துவிடுங்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு 52 அங்குலம், நேர்கட்டை 15 அடி, நடுவில் 44 அங்குலம் வரும் என்று தோன்றுகிறது என்றால் அந்த மரத்தில் ஏறக்குறைய பன்னிரண்டரை கன அடி இருக்கிறது (கணக்கு கீழே வருகிறது). மரத்துக்கு மரம் இப்படி ஒரு நோட்டில் எழுதிக் கூட்டி வைத்திருந்தால் பேரம் வேறு மாதிரி போகும். "ஏதோ பார்த்துப் போட்டுக் குடுங்கண்ணே" என்று பேச வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, வெட்டி அளந்து கன அடிக் கணக்கில் கொடுப்பது. கணக்கு பழையது: கட்டையின் நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடு, நாலால் வகு, வந்ததை அதாலேயே பெருக்கு, நீளத்தை அடியில் பெருக்கு, 144-ஆல் வகு. 10 அடிக் கட்டை, நடுச் சுற்று 48 அங்குலம் என்றால் சரியாக 10 கன அடி. ஆனால் அதே உருளையின் உண்மையான கொள்ளளவு 12.73 கன அடி. அதாவது இந்தக் கால்சுற்றுக் கணக்கே, அறுக்கும்போது போகும் முதுகுப்பலகைக்கும் (வளைந்த வெளிப்பக்கத் துண்டு) தூளுக்கும் சேர்த்து, ஏறக்குறைய 21 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் நம் கையில் தருகிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள்.

வியாபாரி நாடாவை நடுவில் வைக்காமல் மெலிந்த தலைப்பக்கம் வைக்கிறார், அங்கே 42 அங்குலம். 10 கன அடி 7.66 ஆகிவிட்டது. அல்லது நடுவில்தான் வைக்கிறார், பட்டைக்கு என்று 2 அங்குலம் கழிக்கிறார். அது 9.18. பட்டைக் கழிவு நியாயமான வழக்கம்தான், ஆனால் கழிப்பது சுற்றளவில் என்பதால் 2 அங்குலம் 8 சதவீதமாக வலிக்கும். ஒரு இடத்தில் பட்டையை உரித்துவிட்டு அங்கேயே அளந்தால் இந்தத் தகராறே இல்லை. 10 அடி 10 அங்குல நீளத்தை 10 அடி என்று எழுதுவது இன்னொன்று, அதிலும் ஒரு 8 சதவீதம் கிட்ட.

எனக்குச் சம்மதமே இல்லாதது வெள்ளைக் கழிவு. தேக்கில் வைரத்துக்குத்தான், அதாவது உள்ளே இருக்கும் கெட்டி மரத்துக்குத்தான், மதிப்பு, வெளிச்சுற்று வெள்ளையைக் கரையான் தின்றுவிடும், தண்ணீர் பாய்ந்து வேகமாகப் பருத்த இளமரத்தில் வெள்ளை அதிகம், இதெல்லாம் உண்மை. அந்தக் குறைக்குத்தான் ரேட்டையே குறைத்துப் பேசுகிறார்கள். ரேட்டையும் குறைத்து, கால்சுற்றிலும் அளந்து, அதற்கு மேல் சுற்றளவிலும் வெள்ளையைக் கழித்தால் ஒரே பண்டத்துக்கு மூன்று இடத்தில் பிடித்தம். வைரத்தை மட்டும் அளக்கிறேன் என்கிறாரா, சரி, வைர ரேட் போடட்டும்.

வியாபாரி பக்கம் நியாயம் இருக்கும் இடமும் உண்டு. அடிக்கட்டை சில மரங்களில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். நாடா மேட்டுக்கு மேடு தாவும்போது இடையில் இருக்கும் காற்றையும் சேர்த்து அளக்கிறது, அதற்குக் கழிவு கேட்டால் கொடுத்துவிடலாம். பொந்துக்கும் அப்படியே.

இந்த வழியில் வெட்டுக்கூலி பெரும்பாலும் நம் தலையில், எங்கே வெட்டுவது என்ற அதிகாரமும் அதனாலேயே நம் கையில். தரையை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். ஒரு அடி உயரம் விட்டு வெட்டினால் மரத்திலேயே பருமனான ஒரு அடி மண்ணில் நிற்கும். துண்டு போடும்போது 7 அடிக்குச் சற்று மேலே வைத்தால் கதவு நிலைக்கு ஆகும். 6 அடி 8 அங்குலத்தில் துண்டாக்கிவிட்டால் எவ்வளவு நல்ல வைரமாக இருந்தாலும் நிலைக்கு எட்டாது, ரேட் விழும். வளைவு இருந்தால் அந்த இடத்தில் துண்டு போடலாம், நேரான கட்டையை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம்.

மூன்றாவது வழி, சாமில்லுக்கு (மரம் அறுக்கும் மில்) கொண்டுபோய் நாமே அறுத்துச் சட்டமாகவும் பலகையாகவும் விற்பது. காகிதத்தில் இதுதான் அதிக லாபம் காட்டும். நடைமுறையில் லாரி வாடகை, அறுவைக்கூலி, அடுக்கிக் காயவைக்க நிழல், அப்புறம் வாங்க ஆள். பருமன் குறைந்த கட்டையில் பலகையாகத் தேறுவது அசல் கொள்ளளவில் பாதியை ஒட்டித்தான். மில்லில் இதைவிட அதிகம் தேறும் என்று சொன்னால் அது கால்சுற்றுக் கன அடியை வைத்துச் சொல்லும் கணக்கு, ஏமாற வேண்டாம். கடைக்காரர் போல நிலைக்கு ஒரு அளவு, ஜன்னலுக்கு ஒரு அளவு என்று இருப்பு வைக்க முடியாத நமக்கு நல்ல பலகை முதலில் போய்விடும், கணுவும் வெள்ளையும் வீட்டில் தங்கும். சொந்தமாக வீடு கட்டுகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்த வழி. இல்லையென்றால் வேண்டாம்.

டன் கணக்கு வாகைக்கும் மாமரத்துக்கும் சரி. தேக்கை எடை போட்டுக் கொடுக்காதீர்கள்.

கேரளாவில் நிலம்பூர் வனத்துறை மர டிப்போவின் ஏல விலையை போனில் காட்டிப் பேரம் பேசுவோரும் உண்டு. அங்கே சுற்றளவு 150 சென்டிமீட்டருக்கு மேல் போனால்தான் முதல் தரம், 100 முதல் 149 வரை இரண்டாம் தரம். நம் வரப்பு மரம் பலதும் மூன்றாவதில்தான் உட்காரும். தரத்துக்குத் தரம் ஒப்பிட்டால் அந்த விலைப்பட்டியல் உதவும். 2014-ல் மியான்மர் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியதால் நம் தேக்குக்கு ஏகப்பட்ட கிராக்கி என்ற பேச்சையும் அளவாகவே நம்பலாம், ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தேக்கு கன்டெய்னரில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

என்னைக் கேட்டால் தோப்பை இரண்டாகப் பிரிப்பேன். நடுச்சுற்று 36 அங்குலத்துக்குக் கீழே உள்ளவற்றை, அவசரம் இருந்தால், மொத்தமாகக் கொடுத்துவிடலாம், கூலி போட்டு அளந்து பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அவசரம் இல்லையென்றால் விட்டுவைப்பதே நல்லது: சுற்றளவு 24 அங்குலத்திலிருந்து 48 ஆனால் அதே நீளத்துக்குக் கன அடி நாலு மடங்கு, ரேட்டும் கூடும். பருத்த மரங்களை அளந்துதான் கொடுப்பேன், ஒவ்வொரு கட்டையின் முகத்திலும் பெயின்டில் நம்பர் போட்டு, அவர் நோட்டிலும் என் நோட்டிலும் ஒரே நேரத்தில் எழுதி.

எந்த வழியானாலும் பட்டா நிலத் தேக்குதானே என்று கோடாலியை எடுக்க வேண்டாம். வெட்டவும் லாரியில் ஏற்றவும் வனத்துறை அனுமதி தேவை, பட்டா, சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று எல்லாம் கேட்பார்கள். மலைப்பகுதிக் கிராமங்களுக்கு 1955-ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம் தனி. அனுமதி யார் வாங்குவது என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிடுங்கள். பாக்கிப் பணம் லாரி கிளம்புவதற்கு முன்னால். கிளையும் விறகும் யாருக்கு என்பதும் அப்போதே. தூரைத் தோண்டக் கூடாது என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தேக்கு மறுதாம்பு விடும் (வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும்), நாலைந்து துளிரில் நேரான ஒன்றை விட்டு மற்றதைக் கழித்துவிட்டால் புதிதாகக் கன்று வைக்கும் செலவு மிச்சம்.