டிஎன்எஸ் பெட்டி மாட்ட வருகிறார்கள், உஷார்

கோவையில் வீடுகளுக்கு சிசிடிவி, வைஃபை போட்டுத் தரும் ஒருவர், "விளம்பரமே வராது சார், எங்க சொந்த சாஃப்ட்வேர்" என்று ஒரு கறுப்பு டிஎன்எஸ் பெட்டியை எங்கள் வீட்டில் மாட்டினார். டிஎன்எஸ் என்பது இணையதளத்தின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை. பெட்டிக்குத் தனிக் காசு, வருஷச் சந்தா வேறு. பக்கத்து அபார்ட்மென்ட்களிலும் இப்போது இதைத்தான் மாட்டுகிறார், அதனால் எழுதுகிறேன்.

திறந்து பார்த்தால் உள்ளே ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டர். ஓடுவது பை-ஹோல், விளம்பரத் தளங்களுக்கு முகவரி தராமல் தடுக்கும் சாஃப்ட்வேர், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லோகோவை மட்டும் மாற்றியிருக்கிறார். போட்டுக் கொடுத்ததற்குக் கூலி வாங்கட்டும், தப்பில்லை. சந்தா வாங்கிக்கொண்டு அப்டேட்டே பண்ணாமல் விடுவதை என்னவென்று சொல்வது? பை-ஹோலுக்குள் டிஎன்எஸ் வேலையைச் செய்யும் டிஎன்எஸ்மாஸ்க் அதில் 2.81 பதிப்பு. 'டிஎன்எஸ்பூக்' என்று 2021 ஜனவரியில் வெளிவந்த ஏழு ஓட்டைகளையும் அடைத்தது 2.83-இல்தான்.

விஷயம் வெளியே வந்ததே இணைய கம்பெனியின் மெயிலால்: உங்கள் ஐபியில் ஓப்பன் ரிசால்வர் (யார் கேட்டாலும் பதில் தரும் டிஎன்எஸ் சர்வர்) ஓடுகிறது, மூடாவிட்டால் லைனை நிறுத்துவோம். மொபைல் டேட்டாவிலிருந்து வீட்டு ஐபியில் டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டுக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். சமத்தாகப் பதில் வந்தது! ஊரில் யார் கேட்டாலும் சொல்லும். அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டுச் சின்னக் கேள்வி அனுப்பினால், பல மடங்கு பெரிய பதில் வேறு யார் தலையிலோ போய் விழும். 2013-இல் ஸ்பாம் எதிர்ப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸைத் தாக்கியது இப்படித்தான்.

பை-ஹோல் தானாக இப்படித் திறந்து கிடக்காது. உள்ளூர்க் கேள்விகளை மட்டும் ஏற்பதுதான் அதன் டீஃபால்ட். அன்பவுண்ட் என்ற இன்னொரு இலவச டிஎன்எஸ் சாஃப்ட்வேர் இன்னும் கறார், தான் ஓடும் மெஷினைத் தவிர நாம் அனுமதிக்காத யார் கேட்டாலும் மறுத்துவிடும். இவர் ரிமோட் சர்வீஸ் பண்ண வசதியாக ரவுட்டரில் பெட்டியை டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் நேரே அந்தப் பெட்டிக்கே அனுப்பும் செட்டிங்) போட்டு, பை-ஹோலில் 'பெர்மிட் ஆல் ஆரிஜின்ஸ்' (எங்கிருந்து கேட்டாலும் பதில் சொல்) என்பதையும் தட்டிவிட்டிருக்கிறார்.

கேமரா ரெக்கார்டருக்கு '.லோக்கல்' என்று முடியும் பெயர் வைத்தது இன்னொரு கூத்து. அந்த முடிவு எம்டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது சர்வர் இல்லாமல் வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும் முறைக்கு, ஒதுக்கப்பட்டது, ஐபோன் அதற்கு டிஎன்எஸ் சர்வரைக் கேட்பதில்லை. மனைவி ஃபோனில் மட்டும் கேமரா திறக்கவில்லை என்றால், "ஃபோனை மாத்திடுங்க மேடம்" என்கிறார் சர்வீஸுக்கு வந்த பையன். வீட்டுக்குள் வைக்கும் பெயர்களுக்கென்றே 'ஹோம்.ஆர்ப்பா' என்ற முடிவு 2018-லிருந்து இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இந்தப் பெட்டி இருந்தால் அந்த இரண்டு செட்டிங்கையும் இன்றே பாருங்கள். நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புது பை-ஹோலும், பின்னால் அன்பவுண்டும் போட்டுக்கொண்டேன். செலவு ஒரு மெமரி கார்டு.

சந்தாவைத் திருப்பிக் கேட்டதற்கு, "ரீஃபண்ட் எங்க கம்பெனி பாலிசியில இல்லீங்க சார்." கம்பெனி என்றால் அவரும் அவர் மச்சானும்.