குழந்தைகளின் ரத்தப்புற்றில் ஏஐ: சிலைடு, ஃப்ளோ, வீட்டு போன் - எதை எவ்வளவு நம்பலாம்?

குழந்தைகளுக்கு வரும் புற்றுகளில் முதலிடம் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவுக்கு, சுருக்கமாக ஏஎல்எல். சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று ஆண்டு வரை இழுக்கும். முதல் சில மாதம் வார்டும் வீடுமாக அலைச்சல், மிச்சமெல்லாம் வீட்டில் மாத்திரையோடு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தப் பாதையில் ஏஐ மூன்று இடங்களில் எதிர்ப்படலாம்: ரத்த சிலைடைப் பார்க்கும் மென்பொருள், ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனையில் மஜ்ஜையில் மிச்சமிருக்கும் புற்றணுவைத் தேடும் மென்பொருள், கையிலுள்ள போனில் சாட்பாட். மூன்றுக்கும் துல்லிய சதவீதத்தைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, இது தப்பாகச் சொன்னால் அடுத்து யார் கண்ணில் படும் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றும் வேறு வேறு சரக்கு என்பது புரியும்.

சிலைடு: டெக்னீஷியன் கண்ணா, கேமராவா

குடியாத்தத்திலோ ஆரணியிலோ உள்ள சின்ன லேபில், வெளிறிப்போய் காய்ச்சலோடு வந்த குழந்தைக்கு முதலில் எடுப்பது சிபிசி என்ற ரத்த அணு எண்ணிக்கை, அப்புறம் ஸ்மியர், அதாவது ரத்தத்தைச் சிலைடில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்பது. அங்கே கவுன்டர் மெஷினும் ஒரு டெக்னீஷியனும் இருப்பார்கள். நோயியல் மருத்துவர் எல்லா நாளும் இருக்கமாட்டார். மைக்ராஸ்கோப்பில் கேமராவைப் பொருத்தி, 200 வெள்ளணுவைத் தானே வகைபிரித்து, சந்தேகமானதைத் தனியாக அடுக்கிக் காட்டும் மென்பொருள் இங்கேதான் கைகொடுக்கும். அதற்கு அலுப்புத் தட்டாது.

கோளாறு சாயத்தில் ஆரம்பிக்கும். நம்மூரில் லீஷ்மன், பல மென்பொருள்கள் பழகியது ரைட் அல்லது மே-குருன்வால்ட் ஜீம்சா படங்களில். பஃபர் பிஎச் 6.8-ஐ விட்டு நகர்ந்தாலும், உப்பேறிய போர் தண்ணீரில் சிலைடைக் கழுவினாலும் உட்கருவின் நிறமே மாறிப்போகும். டெக்னீஷியன் அதைப் பார்த்ததும் சாயம் சரியில்லை என்று மறுபடி போடுவார். மென்பொருள் அதே நிறத்தை வைத்து பிளாஸ்ட் (புற்றாகும் முதிராத அணு) என்றும் லிம்ஃபோசைட் (சாதாரண வெள்ளணு) என்றும் தயங்காமல் பெயர் சூட்டும்.

இன்னொன்று. ஒரே நோயாளியின் அணுக்கள் பயிற்சியிலும் பரிசோதனையிலும் கலந்துவிட்டால் துல்லியம் பொய்யாக ஏறும். ஆகவே வாங்கும் முன், சோதனை நோயாளிவாரியாகப் பிரித்து நடந்ததா என்று கேளுங்கள். உங்கள் லேபின் பழைய சிலைடுகளில், முடிவு ஏற்கெனவே தெரிந்தவற்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

‘இதை டாக்டர் பார்க்கட்டும்’ என்று ஒதுக்க இதை வைத்துக்கொள்ளலாம். ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஏஎல்எல் உள்ள சில குழந்தைகளுக்கு வெளி ரத்தத்தில் பிளாஸ்ட் கிட்டத்தட்ட இருக்காது, தட்டணுவும் ஹீமோகுளோபினும் மட்டும் இறங்கியிருக்கும். மூட்டு வலிக்கு யாராவது டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு போட்டிருந்தால் படமே தற்காலிகமாகத் தெளிந்துவிடும். அந்த ஊசிச் சீட்டு கேமராவுக்குத் தெரியாது. விசாரிக்கிற ஆள் வேண்டும்.

ஃப்ளோ: மூன்றில் இதுதான் தேறும்

முதல் கட்ட கீமோ முடிந்ததும் மஜ்ஜையில் புற்றணு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது எம்ஆர்டி. வழக்கமான எல்லை 0.01 சதவீதம், அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. அந்த அளவில் 50 அணுவாவது கையில் சிக்க 5 லட்சம் அணுக்களை ஃப்ளோ மெஷினில் ஓட்ட வேண்டும். சிடி19, சிடி10, சிடி34, சிடி38, சிடி45, சிடி58 என்று அணுவிலுள்ள அடையாளப் புரதங்களுக்கு ஏற்றிய பல நிறங்களை ஜோடி ஜோடியாகப் பார்த்து, திரையில் கையால் வட்டம் போட்டுப் பிரிப்பது பழைய வழி. இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். தானியங்கி முறை எல்லா நிறத்தையும் ஒரே நேரத்தில் கணக்கில் எடுக்கும், முதல் பிரிப்பை நிமிடங்களில் முடித்துவிடும்.

ஆனால் கீமோவுக்குப் பின் மஜ்ஜை தேறும்போது முளைக்கும் ஹீமடோகோன் என்ற இளம் பி-அணுக்கள் புற்றணுவைப் போலவே இருக்கும். அங்கே அனுபவமுள்ள கண் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஊசி முனையில் இருக்கிறது: எம்ஆர்டிக்கு முதல் இழுப்பில் வரும் மஜ்ஜையையே அனுப்ப வேண்டும். மூன்றாவது, நான்காவது இழுப்பு பாதி ரத்தம்தான். புற்றணு நீர்த்துப்போய் எண் குறைவாக வரும். எந்த மென்பொருளாலும் இதை ஈடுகட்ட முடியாது. இருந்தாலும் இங்கே கையெழுத்துப் போட ஒரு மருத்துவர் இருக்கிறார், வரைபடம் திரையில் இருக்கிறது, சந்தேகமிருந்தால் மறுபடி பிரித்துப் பார்க்கலாம். செலவழிப்பதானால் முதலில் இங்கே.

வீட்டு போன்: சாட்பாட்டா, வார்டு சீட்டா

இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்கு 101 டிகிரி. வார்டு கொடுத்த சீட்டில் ஒரே வரி: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் போன் செய், கிளம்பு. சாட்பாட்டில் ‘பிள்ளைக்கு காய்ச்சல் 101 என்ன செய்ய’ என்று அடித்தால், கீமோ என்ற சொல் கேள்வியில் இல்லாதவரை, பாராசிட்டமால் கொடுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள் என்று வர வாய்ப்பு அதிகம். கீமோ என்று சொன்னால் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் சொல்லும். எந்த ஆஸ்பத்திரிக்கு? நியூட்ரோஃபில், அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளணு, இறங்கிய குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், ஆஸ்பத்திரி சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து வேலூர் வந்து சேரவே அதற்குமேல் ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது. போகும் வழியிலுள்ள ஆஸ்பத்திரியில் முதல் டோஸ் போட மருந்தும் அளவும் எழுதிய கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். அதில் தசை ஊசி கூடாது, ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மருந்தோ வைக்கக் கூடாது என்பதும் இருக்கட்டும். இதை வார்டு மட்டுமே எழுதித் தர முடியும்.

ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புவதில் வேறு ஆபத்து. மொத்த வெள்ளணு 1,800, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் 1,800 × 20 ÷ 100 = 360; 500-க்குக் கீழ், எச்சரிக்கை. அடுத்த லேப் அதையே ஆயிரக் கணக்கில் 1.8 என்று அச்சிடும். மங்கிய தாளில் புள்ளி விட்டுப்போய் 18 என்று படித்தால் 3,600 ஆகிவிடும், தாய்க்கு நிம்மதியான பதில் வரும். ஆகவே கணக்கைக் கையால் போடுங்கள்.

மாத்திரையில் இன்னும் கவனம். 110 செ.மீ. உயரம், 18 கிலோ உள்ள பிள்ளைக்கு உடல் பரப்பு சுமார் 0.74 சதுர மீட்டர். வீட்டில் கொடுக்கும் கீமோ மாத்திரை இரண்டில் மெத்தோட்ரெக்ஸேட் சதுர மீட்டருக்கு 20 மி.கி. என்றால் 15 மி.கி., அதாவது 2.5 மி.கி. மாத்திரை ஆறு, வாரத்துக்கு ஒரே நாள். மெர்காப்டோப்யூரின் மட்டும் தினசரி. மொழிபெயர்ப்பில் இரண்டும் ‘தினமும்’ ஆகிவிட்டால் மஜ்ஜை படுத்துவிடும், வாயெல்லாம் புண்ணாகும், உயிருக்கே ஆபத்து. கிழமையின் பெயரை அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள்: ‘வெள்ளி மட்டும், 6’. டோஸை ஏற்றுவதும் குறைப்பதும் கவுன்ட் பார்த்து வார்டு செய்யும் வேலை. சாட்பாட்டிடம் கேட்கவே வேண்டாம். இங்கே தப்பைப் பிடிக்க நடுவில் ஒருவரும் இல்லை.

சாட்பாட் உருப்படியாக உதவும் இடமும் உண்டு. ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழில் புரிந்துகொள்ள, அடுத்த விசிட்டுக்குக் கேள்விகளை எழுதிவைக்க, மாத்திரை நேரத்தை நினைவூட்ட. சிகிச்சைக்காக வேலூரில் அறை எடுத்துத் தங்கும் வங்காளிக் குடும்பங்களிடம் சிஸ்டர் நாலு வார்த்தை பேசவும் மொழிபெயர்ப்புச் செயலி தேவலை; ஆனால் எண்ணிக்கையை மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்தே காட்ட வேண்டும், கையெழுத்து வாங்கும் பேச்சுக்கு மொழி தெரிந்த ஆள் வேண்டும். சம்மரியைப் படமெடுக்கும்போது பெயரும் ஆஸ்பத்திரி எண்ணும் உள்ள ஸ்டிக்கரை ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிட்டு எடுங்கள்.