பேக்ரவுண்டை ஏஐ-யிடம் கொடுங்கள், முகத்தைக் கொடுக்காதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, மஞ்சள் நீராட்டு ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்குச் சேலைப் படம், இதுதான் பிழைப்பு. 2023-ல் போட்டோஷாப்பில் ஜெனரேட்டிவ் ஃபில் (எழுதிக் கேட்டால் படத்தில் தேர்ந்தெடுத்த இடத்தை வரைந்து நிரப்பும் வசதி) வந்ததிலிருந்து ஏஐ-யைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். 2025-ல் சாட்ஜிபிடியும் ஜெமினியும் படத்தைப் போட்டு எழுதிச் சொன்னாலே மாற்றித் தர ஆரம்பித்த பிறகு, அது இல்லாமல் கடை ஓடாது என்ற நிலை.

சேலைப் படங்களுக்கு வாய் திறந்து பாராட்டலாம். கடைப்பையன் மொபைலில் எடுத்து அனுப்பும் படத்தில் பின்னால் ஏணி, டீ கிளாஸ், ஃபேன் ஒயர் எல்லாம் இருக்கும். "பின்னணியை வெள்ளைச் சுவராக மாற்று, சேலையின் நிறம், பார்டர், மடிப்பு எதையும் தொடாதே" என்று தமிழிலேயே எழுதுகிறேன், புரிந்துகொள்கிறது. எதை மாற்ற வேண்டும் என்பதைவிட எதைத் தொடக்கூடாது என்பதை விலாவாரியாக எழுதினால்தான் வேலை சுத்தமாக வரும். அப்படியும் ஜரிகையில் இருக்கும் மயிலை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு அனுப்புவேன்.

வம்பு முகத்தில்தான். காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். அம்மா தவறிவிட்டார்கள், சாயங்காலத்துக்குள் போஸ்டர் வேண்டும். இருந்ததோ ஒரே ஒரு கல்யாண குரூப் போட்டோ, பக்கத்தில் நின்றவர் தோள் அம்மாவின் பாதிக் கையை மறைத்திருந்தது. ஏஐ அந்தத் தோளை எடுத்துவிட்டு, மறைந்திருந்த கையையும் முந்தானையையும் அவ்வளவு அழகாக வரைந்தது. ஆனால் மூக்கோரத்து மச்சத்தைக் காணோம். வலது மூக்குத்தி இடதுக்குப் போயிருந்தது. நிறமும் ரெண்டு படி வெளுப்பு. தம்பி பார்த்துவிட்டுச் சொன்னான்: "இது எங்கம்மா இல்லண்ணா, சீரியல்ல வர்ற யாரோ."

காரணம் இருக்கிறது. பெரும்பாலான மாடல்கள் நாம் சொன்ன இடத்தை மட்டும் அழித்து எழுதுவதில்லை, முழுப் படத்தையும் புதிதாக வரைகின்றன. வரையும்போது மச்சம், தழும்பு, பொடி எழுத்து மாதிரியான நுணுக்கங்கள் முதலில் அடிபடும். வந்த படத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்துத் திருத்தச் சொன்னால் முகம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நழுவும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரிஜினலிலிருந்துதான் தொடங்குகிறேன்.

என் வழி இதுதான்: போட்டோஷாப்பில் ரெண்டு படத்தையும் லேயராக, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவேன். ஏஐ தந்த படம் கீழ் லேயர், ஒரிஜினல் மேல் லேயர். அளவு லேசாக மாறித்தான் வரும். மேல் லேயர் பாதி ஊடுருவித் தெரியும்படி ஒப்பாசிட்டியைப் பாதியாகக் குறைத்து, கண்ணோடு கண் வைத்துப் பொருத்த வேண்டும். பிறகு ஒப்பாசிட்டியை மறுபடி நூறாக்கி, பிளெண்டிங்கை (லேயர்கள் கலக்கும் விதத்தை) டிஃபரன்ஸில் போட்டால் மாறாத இடம் கறுப்பாக, மாறிய இடம் வெளிச்சமாகத் தெரியும், திருட்டு வேலை எங்கே நடந்திருக்கிறது என்று அப்போதே பிடிபடும். நார்மலுக்குத் திரும்பி, மாஸ்க் (லேயரில் வேண்டாத இடத்தை மறைக்கும் வசதி) போட்டு முகத்தை முழுசாக ஒரிஜினலிலேயே வைத்துக்கொள்வேன். அந்தத் தம்பிக்கும் இப்படித்தான் முடித்துக் கொடுத்தேன், மச்சத்தோடு.

போஸ்டரில் வரும் தமிழ் எழுத்தை நானேதான் அடிப்பேன், அதில் பேச்சே இல்லை. பிரிண்ட் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 1024 பிக்சல் அகலமுள்ள படம் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) மூன்றரை அங்குலம்கூட வராது. தூரத்தில் நின்று பார்க்கும் ஃபிளெக்ஸுக்கு ஓடிவிடும், 12×18 அங்குல ஃபிரேமுக்கு ஆகாது. பாஸ்போர்ட் போட்டோ பக்கம் ஏஐ-யை விடவே கூடாது, திருத்திய படத்தைத் தள்ளிவிடுவார்கள்.

இப்போது அதிகம் வருவது, "இறந்துபோன அப்பாவை என் கல்யாண போட்டோவில் நிற்க வையுங்கள்" என்ற கோரிக்கை. ரெண்டு படத்தையும் போட்டு "சேர்த்துவிடு" என்று எழுதினால் யாரோ ஒரு பெரியவர் வந்து நிற்பார். அப்பாவை நானே கட் பண்ணி ஒட்டிவிட்டு, வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் ஒத்துப்போகச் செய் என்று கேட்கிறேன், முகம் வழக்கம்போல பழைய படத்திலிருந்து. இந்த வேலைக்கு மட்டும் அவசரம் என்று வந்தால் வாங்குவதில்லை, ஒரு நாளாவது வேண்டும்.